உப்பும் கெக்கரிக்காயும்

2025 மே மாசம் கொழும்பில உப்புத் தட்டுப்பாடு வந்ததே, ஞாபகம் இருக்கோ. புத்தளத்திலயும் அம்பாந்தோட்டையிலயும் மழை பெய்ஞ்சு உப்பு விளைச்சல் கெட்டுப்போச்சு, இந்தியாவில இருந்து கப்பலில வருகுது, இண்டைக்கு வருகுது நாளைக்கு வருகுது எண்டு சொல்லிக்கொண்டே இருந்த நாட்கள். வெள்ளவத்தையில நான் வழமையா சாமான் எடுக்கிற கடையில ஆளுக்கு ஒரு பைக்கட்தான். கடையில இருந்து இறங்கி நடந்தா ரெண்டு நிமிசத்தில தண்டவாளம், தண்டவாளத்துக்கு அங்கால கடல். கடல் இரையிற சத்தம் கேக்கக் கேக்க உப்புக்கு லைன்ல நிண்டதை என்னெண்டு சொல்ல.

எனக்கு முன்னுக்கு நிண்டவர் எங்கட ஃபிளாட்ஸ் மூண்டாம் மாடி மாமா. சொந்த மாமா இல்லை, வெள்ளவத்தையில நரைச்ச தலை எல்லாம் மாமாதான். பருத்தித்துறை ஆள், பாங்கில வேலை செய்து ரிட்டயர் ஆனவர், அதால எந்தக் கதையையும் வீதத்தில கதைப்பார். அண்டைக்கும் தொடங்கிட்டார்.

"ஆனையிறவில உப்பு அம்பாரமாக் குவிஞ்சு கிடக்குது, இஞ்ச நாங்கள் பைக்கட்டுக்குக் கையேந்திக்கொண்டு நிக்கிறம். சுதந்திரம் கிடைச்ச நாளில இருந்து வடக்கை ஒதுக்கித்தான் வைச்சிருக்கிறாங்கள். நாட்டின்ட மொத்த உற்பத்தியில எங்கட மாகாணத்துக்கு எவ்வளவு தெரியுமோ? நாலு வீதம்! வெறும் நாலு!"

தராசில பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கடைத் தம்பி நிமிராமலே சொன்னான். "ஐயா, உங்களுக்கு உப்பளமாச்சும் இருக்குங்க. எங்க ஊர்ல மலை முழுக்க தேயிலை, வீட்ல நாங்க குடிக்கிறது டஸ்ட்டுங்க."

தம்பி பொகவந்தலாவைப் பக்கம். வெள்ளவத்தைக் கடைகளில சாமான் தூக்கிற, நிறுக்கிற, டெலிவரிக்கு சைக்கிள் மிதிக்கிற பெடியளில பாதிக்கு மேல மலைநாட்டுப் பிள்ளையள்தான், கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மாமா அவனைத் திரும்பிப் பார்த்து, "அது வேற பிரச்சினை தம்பி" எண்டார்.

அந்த "வேற பிரச்சினை" எண்ட சொல்லு என்னை அண்டைக்கு முழுக்க அரிச்சது. ஏனெண்டா நான் ரெண்டு பக்கத்தையும் சேர்ந்தவன். அப்பா உடுவில், ஆனா வேலை நுவரெலியா மாவட்டத்தில ஒரு தேயிலைத் தோட்டத்தில கிளாக்கர். தோட்டத்து ஸ்டாஃபில அந்தக் காலத்தில யாழ்ப்பாண ஆக்கள் கனபேர். நான் பிறந்து வளர்ந்தது ஸ்டாஃப் குவாட்டர்ஸில. வீட்டுக்குள்ள 'எண்டு', மைதானத்துக்கு இறங்கினா 'னு', அம்மாவுக்கு முன்னால 'னு' வாயில வந்தா முறைப்பு விழும். அதால மாமா சொல்லுறதும் எனக்கு விளங்கும், தம்பி சொல்லுறதும் விளங்கும், ரெண்டு பேரும் ஏன் ஒருத்தருக்கொருத்தர் விளங்கேல்லை எண்டதும் கொஞ்சம் விளங்கும்.

மாமாட கணக்கை முதல்ல பார்ப்பம். மத்திய வங்கி ஒவ்வொரு வருசமும் மாகாண உற்பத்திக் கணக்கு விடுது. வடக்கின்ட பங்கு கிட்டத்தட்ட நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில நிக்கும், மேல் மாகாணம் மட்டும் ஐஞ்சில ரெண்டு பங்கு, சில வருசம் அதுக்கும் மேல. நிலத்தைப் பார்த்தா நேர்மாறு: மேல் மாகாணம் 3,684 சதுர கிலோமீற்றர், நாட்டில 6 வீதமும் இல்லை, வடக்கு 8,884. இதைக் கேட்ட உடன வயிறு எரியும்தான். ஆனா உற்பத்தியைச் செய்யிறது மண்ணோ மனுசரோ எண்டு ஒருக்கா யோசிச்சா, 2012 சனத்தொகைக் கணக்கில வடக்கில இருந்தது 10 லட்சத்து 60 ஆயிரம் பேர் அளவில, நாட்டில 5 வீதம். அஞ்சு வீதச் சனம், நாலு சொச்சம் வீத உற்பத்தி. தலைக்குப் பிரிச்சா மாமா கத்தினளவுக்குப் பெரிய பள்ளம் தெரியாது.

ஒரு இஞ்சினியர் நண்பர் இதைத்தான் பிடிச்சுக்கொண்டு "பார்த்தியளோ, புறக்கணிப்புக் கதையெல்லாம் சும்மா அரசியல்" எண்டு ஒருக்கா என்னோட வாதாடினவர். நானும் தலையாட்டிட்டு வந்திட்டன். பிறகு பஸ்ஸில வரேக்கதான் உறைச்சுது. அந்த அஞ்சு வீதம் எப்பிடி அஞ்சு வீதம் ஆனது? 1981 கணக்கெடுப்பில யாழ்ப்பாண மாவட்டத்தில, அப்ப கிளிநொச்சியும் அதுக்குள்ள, 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். 31 வருசம் கழிச்சு 2012ல கிளிநொச்சியையும் சேர்த்தே 7 லட்சம் இல்லை. நாடு முழுக்கச் சனம் கூடுது, இஞ்ச மட்டும் குறையுது. செத்தவை, கனடா லண்டன் எண்டு போனவை, என்னை மாதிரி கொழும்பில வந்து ஒட்டினவை. பாராளுமன்ற ஆசனமும் அதோட சேர்ந்து இறங்கினது: யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010ல 9, 2015ல 7, 2024ல 6. பந்தியில சாப்பாடு காணும் போல தெரியுது, ஏனெண்டா பந்தியில இருந்த ஆக்களில பாதிப்பேர் எழும்பிப் போட்டினம். இதைத் தலைக்குப் பிரிச்சுக் காட்டி "பெரிய குறை இல்லையே" எண்டு சொல்லுறது கணக்குச் சரி, நியாயம் பிழை.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில போய்ப் பாருங்கோ, கோண்டாவில் திருநெல்வேலிப் பக்கம் எழும்பி நிக்கிற மாடி வீடுகளை. அந்தக் காசில பெரும்பகுதி வெளிநாட்டில இருந்து பிள்ளையள் அனுப்பினது. வீடு கட்டிற மேசன்ர கூலி மாகாண உற்பத்தியில வரும், அனுப்பின காசு அதில உற்பத்தியா வராது. அப்ப கணக்குப் புத்தகம் காட்டுறதை விட வீடுகள் வசதியாத் தெரியும், அந்த வீடுகளைப் பார்த்திட்டு வாற கொழும்புக்காரர் "இவையளுக்கு என்ன குறை" எண்டுவினம். வேலை குறையெண்டு எந்த வீட்டுச் சுவரிலயும் எழுதியிருக்காது.

சரி, ஒதுக்கி வைச்சவை எண்டு சொல்லுற அந்தக் கதை. மாமா சுதந்திரத்தில இருந்து எண்டவர், ஆனா சுதந்திரம் கிடைச்ச கையோட நடந்தது வேற. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948ல டி.எஸ். சேனநாயக்காட அமைச்சரவையில சேர்ந்து கைத்தொழில் அமைச்சர் ஆனவர். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, மூண்டும் அவற்ற பேரோட சேர்த்துத்தான் எங்கட ஆக்கள் சொல்லுறவை. தேவை எண்டால் கொழும்பு வடக்கு கிழக்கில பெரிய அரச தொழிற்சாலை போட்டிருக்கு, போடுறதுக்கு மேசையில எங்கட ஆள் ஒருத்தர் இருந்தவர். பிறகு மேசையும் இல்லை ஆளும் இல்லை, அதுக்குப் பிறகு சண்டை. காங்கேசன்துறை 1990ல நிண்டது நிண்டதுதான். சின்னனில லீவுக்கு உடுவிலுக்குப் போகேக்க, அப்பப்பா வீட்டு முத்தத்தில அந்தச் சீமெந்துப் பேப்பர்ப் பையை வெட்டித்தான் மிளகாய் காயப்போட விரிப்பினம். ஆலை போய் இவ்வளவு காலம், அந்தப் பையின்ட மண்ணிற நிறம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆனா அதே அமைச்சரவையைப் பற்றி மலையகத்தில கேட்டுப் பாருங்கோ. 1948 குடியுரிமைச் சட்டம், அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு நாடும் இல்லை வாக்கும் இல்லை. அந்த 1949 சட்டம் வரேக்க ஜீ.ஜீ. அமைச்சர். செல்வநாயகம் ஜீ.ஜீ.யின்ட தமிழ்க் காங்கிரஸை விட்டு முறிச்சுக்கொண்டு வெளிய வந்து 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சி தொடங்கினதுக்கு இதுதான் பெரிய காரணம். வடக்குக்குத் தொழிற்சாலையைக் கொண்டுவந்த அதே மேசையிலதான் மலைநாட்டுச் சனத்தின்ட வாக்கும் போனது. நான் ஜீ.ஜீ.யைத் திட்ட வரேல்லை, அவரைத் திட்டுறதுக்கும் கும்பிடுறதுக்கும் எங்கட ஊரில ஆக்கள் தாராளமா இருக்கினம். கடைத் தம்பின்ட கதையை மாமா "வேற பிரச்சினை" எண்டு சொல்லேக்க எனக்கு இதுதான் வந்து நிண்டது. வேறயே இல்லை மாமா, ஒரே மேசை.

இப்ப மலைநாட்டுக்கு வாறன், நான் கொஞ்சம் இழுத்துத்தான் எழுதுவன், இது என்ட சொந்த ஊர்.

எங்கட குவாட்டர்ஸ் முத்தத்தில நிண்டு பார்த்தா எதிர் மலையில பெரிய இரும்புக் கோபுரங்கள் வரிசையாப் போகும். நோட்டன், லக்சபான பக்கத்து மின்சாரம். காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் அணை கட்டித் தேக்கின தண்ணியில சுத்துற மெஷினுகள். மவுஸ்ஸாக்கலைக்கு அடியில பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கு, தண்ணி வத்துற காலத்தில பழைய கோயில் வெளியில தெரியும், சனம் இறங்கிப் போய் கற்பூரம் கொளுத்திட்டு வரும். அந்தக் கோபுரக் கம்பி எங்கட தோட்டத்துத் தொழிலாளர் இருக்கிற லயங்களுக்கு நேர் மேலால போனது. மழை நாளில கம்பி 'ஸ்ஸ்ஸ்' எண்டு இரையும். கீழ லயத்துக்குள்ள குப்பி லாம்பு. எங்கட குவாட்டர்ஸில பல்பு. லயத்துக்குக் கரண்ட் வந்தது நான் ஓஎல் எடுத்த வருசம், 1991. அதுவரைக்கும் என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன், கங்காணின்ட மகன், பின்னேரத்தில கொப்பியோட எங்கட வீட்டு விறாந்தைக்கு வருவான். அம்மா அவனை விறாந்தையில இருந்து படிக்க விட்டவ. உள்ளுக்கு விடேல்லை. இதை எழுதேக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா எழுதாம விட்டா மிச்சமெல்லாம் பொய்.

மத்த ஊர்க்காரருக்கு பெரும்பாலும் தெரியாத ஒரு விசயம். 1987ம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில 33ஆம் பிரிவு எண்டு ஒண்டு. நிலம் தோட்ட நிர்வாகத்தின்ட கையில, பொது இடமில்லை, அதால பிரதேச சபை தன்ர காசைத் தோட்டத்துக்குள்ள செலவழிக்க அந்தப் பிரிவு தடையா நிண்டது. ரோட்டு, தண்ணி, லைற், ஒண்டும் இல்லை. சபைக்கு வாக்குப் போடலாம், சபையில மெம்பராவும் வரலாம், ஆனா அந்த மெம்பரால தன்ர லயத்துக்கு முன்னால இருக்கிற கானைக் கூட சபைக் காசில கட்டேலாது. சட்டம் திருத்தினது 2018ல. முப்பது வருசம்! வடக்கில "காசு தரேல்லை" எண்டு சண்டை பிடிச்சம், மலையகத்தில காசு வந்தாலும் குடுக்கக்கூடாது எண்டு எழுதி வைச்சிருந்தது. புறக்கணிப்புக்கு ஆதாரம் காட்டு எண்டு ஆராவது கேட்டா நான் வீதம் ஒண்டும் சொல்ல மாட்டன், இந்தப் பிரிவைத்தான் தூக்கிக் காட்டுவன். ஆனா பாருங்கோ, எங்கட தமிழ்ப் பேப்பர்களில இதுக்கு விழுந்த மை எவ்வளவு?

இன்னொண்டு. 2012ல நுவரெலியா மாவட்டச் சனத்தொகை 7 லட்சத்து 11 ஆயிரம். பிரதேச செயலகம் நெடுங்காலமா 5தான் இருந்தது. யாழ்ப்பாணம் 5 லட்சத்து 83 ஆயிரம், செயலகம் 15. பிறப்புச் சான்றிதழோ ஐடி கார்டோ பென்சனோ எதுக்கும் செயலகம் போகவேணும். அம்பகமுவையில ஒரு கொழுந்தெடுக்கிற அம்மா ஐடிக்கு அலையிறதெண்டா ரெண்டு பஸ் ஏறி இறங்கி ஒரு நாட் சம்பளம் போச்சு. அந்த நாட் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனதே 2021லதான், அதுக்கு எத்தினை வருசம் கத்தினது. இதில யாழ்ப்பாணத்தான் பறிச்சுத் திண்டான் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. ஆனா ஒதுக்கப்பட்ட ஊர்ப் பட்டியலில நாங்கள்தான் முதல் ஆள் எண்டு கதைக்கேக்க இந்த 15ஐயும் 5ஐயும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்திட்டுக் கதைச்சா நல்லது.

பறிச்சுத் திண்ட கதையும் ஒண்டு இருக்கு, அதுவும் எங்கட வீட்டிலயே.

எழுபதுகளில தரப்படுத்தல் வந்து யாழ்ப்பாணப் பிள்ளையளுக்குக் கம்பஸ் கதவு பாதி மூடினது, அந்தக் கோபம் பிறகு எங்க போய் முடிஞ்சது எண்டது எல்லாருக்கும் தெரியும். இப்ப இருக்கிற முறையில கம்பஸ் இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு மேலதிகம். அந்த 16இல நுவரெலியா இருக்கு, மொனராகலை இருக்கு, அம்பாந்தோட்டை இருக்கு, யாழ்ப்பாணமும் இருக்கு. எந்த மாவட்டம் முன்னேறின மாவட்டம் எண்டு சொல்லி வெட்டினவையோ அந்த மாவட்டம் இண்டைக்குப் பின்தங்கின பட்டியலில. ஒரு தலைமுறையில மேல இருந்து கீழ. சரி, கதைக்கு வாறன். 91ல என்ட பெரியம்மாட மகன் யாழ்ப்பாணத்தில இருந்து எங்கட குவாட்டர்ஸுக்கு வந்தான். சண்டை ஒரு காரணம், பொய் இல்லை. ஆனா நுவரெலியா மாவட்டத்தில ஏஎல் எடுத்தா வெட்டுப்புள்ளி குறைவு எண்டதும் காரணம், அதைப் பெரியம்மா கடிதத்திலயே எழுதினவ. அண்ணை கெட்டிக்காரன், இஞ்சினியரிங் கிடைச்சது, இப்ப மெல்பேர்ணில. விறாந்தையில இருந்து படிச்ச கங்காணின்ட மகனுக்கு நாலைஞ்சு புள்ளியில தவறினது. அண்ணை வராம இருந்திருந்தா அவனுக்குக் கிடைச்சிருக்குமோ? ஒரு ஆளால ஒரு இடம் எண்டு அப்பிடி நேரா கணக்குப் போடேலாது. ஆனா அண்ணை மாதிரி வந்தது ஒராள் இல்லையே. மலையகத்தில வெளிமாவட்டப் பிள்ளையள் பிரச்சினை எண்டு இதை இப்பவும் கோபமாத்தான் கதைப்பினம், கேட்டுப் பாருங்கோ.

வறுமைக் கணக்கும் ஒருக்கா சொல்லிட்டு விடுறன், ஏனெண்டா இதில எல்லாரும் வழுக்கி விழுறம். 2016ல அரசாங்கம் எடுத்த வீட்டு வருமானச் செலவு ஆய்வில நாட்டின்ட வறுமை 4.1 வீதம், தோட்டத்துறை 8.8, கிளிநொச்சி 18.2, கொழும்பு 0.9. அதைப் பார்த்திட்டு "தோட்டத்தில பத்துக்கு ஒம்பது பேர் ஏழை இல்லையே" எண்டு மேடையில பேசினவை இருந்தவை. பிறகு வறுமைக்கோட்டைப் புதுசாக் கணிச்சினம், 2019 ஆய்வுக்குத் தலைக்கு மாசம் 6,966 ரூபா எண்டு. அந்தக் கோட்டின்படி நாட்டுக்கு 14.3, கொழும்புக்கு 2.3, முல்லைத்தீவுக்கு 44.5, தோட்டத்துக்கு 51.3. மூண்டு வருசத்தில லயத்துச் சனம் திடீரெண்டு பட்டினி கிடக்கத் தொடங்கேல்லை. முந்தியும் அதே சோறுதான், அதே ரொட்டிதான், கோடுதான் அவையளின்ட காலுக்குக் கீழால போட்டுக் கிடந்தது. அதால எந்த ஊர் ஒதுக்கப்பட்டது எண்ட வாக்குவாதத்தில ஒருத்தர் ஒரு வீதத்தைத் தூக்கிப் போட்டா, நான் முதல் கேக்கிறது கோட்டை எங்க போட்டவை எண்டு. மாமாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.

சிங்கள ஆக்களின்ட பக்கமும் இதே கதைதான் ஓடுது எண்டது எனக்கு ஒரு ஓட்டோக்கார அண்ணையாலதான் சரியா விளங்கினது. மொனராகலை மாவட்டத்து வெல்லவாயா ஆள், கொழும்புக்கு வந்து இருபது வருசம். ஒரு நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில டிராஃபிக்கில நிக்கேக்க ரேடியோவில பட்ஜெட் பேச்சு போகுது, அவர் சிரிச்சுக்கொண்டு "கொழம்பட்ட கிரி, அபட்ட கெகிரி" எண்டார். கொழும்புக்குப் பால், எங்களுக்குக் கெக்கரிக்காய். பழைய சுலோகம், தெற்கில பெடியள் ஆயுதம் தூக்கின காலத்துக் கோபம் அப்பிடியே அதுக்குள்ள இருக்கு. மொனராகலைச் சனத்திட்டக் கேட்டா கணக்கை 1948ல இருந்து தொடங்காயினம், 1818ல இருந்து தொடங்குவினம், ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் வயலையும் மாட்டையும் அழிச்சதில இருந்து. ஒவ்வொரு ஊருக்கும் பற்றுவரவு தொடங்கிற வருசம் ஒண்டு இருக்கு.

நான் அவரிட்ட, பக்கத்து அம்பாந்தோட்டைக்குத்தானே துறைமுகமும் எயார்போட்டும் போட்டவை எண்டு கேட்டன். 2010ல துறைமுகம், 2013ல மத்தளை, 2017ல துறைமுகம் சீனக் கம்பனிக்கு 99 வருசக் குத்தகை. மத்தளையில பிளேன் வராம ஒரு காலம் நெல்லு மூட்டை அடுக்கி வைச்சது உலகத்துக்கே தெரிஞ்ச கூத்து. அண்ணை சொன்னார், எங்கட வீட்டுக் கிணத்தில இப்பவும் ஆவணி மாசம் தண்ணி இல்லை, பிளேன் போறதைப் பார்த்தா தாகம் அடங்குமோ எண்டு. தெற்கை ஒதுக்கினவை எண்ட முறைப்பாடு பொய்யில்லை, ஆனா அந்த முறைப்பாட்டைச் சாட்டி வந்த கடன் அவற்ற கிணத்துக்கு வரேல்லை. ஒதுக்கினது எண்ட சொல்லில எனக்கு இருக்கிற பயம் இதுதான். ஊரின்ட பேரில கேப்பினம், வந்து சேருறது ஊருக்கில்லை. யாழ்ப்பாணத்துக்கும் யுத்தம் முடிஞ்ச கையோட வடக்கின் வசந்தம் எண்டு சொல்லி ரோட்டு வந்தது, சங்குப்பிட்டிப் பாலம் வந்தது, 2014ல ரயில் திரும்ப வந்தது. ரயில் வந்ததுக்கு நான் உண்மையா அழுதனான், 90ல நிண்ட யாழ்தேவி. ஆனா அந்த ரோட்டால முதல் வந்து இறங்கினது லீசிங் கம்பனியும் மைக்குரோ கடன்காரரும். உற்பத்தி செய்து தெற்குக்கு அனுப்ப ஒண்டும் இல்லாத இடத்துக்கு நல்ல ரோட்டுப் போட்டா, அந்த ரோட்டு சாமானைக் கொண்டுவந்து இறக்கும், ஆளை ஏத்திக்கொண்டு போகும்.

இதுக்கு மருந்தா வந்ததுதானே மாகாண சபை. 87ல 13ஆம் திருத்தம், நிதி ஆணைக்குழு, மாகாணத்துக்கு மாகாணம் உள்ள ஏற்றத்தாழ்வைப் பார்த்துக் காசு பிரிக்கிறது அதின்ட வேலை. எழுத்தில நல்லாத்தான் இருக்கு. வாற காசில பெரும்பகுதி வாத்திமார், ஆஸ்பத்திரி ஆக்கள் சம்பளத்துக்குப் போகும், மிச்சத்தில என்ன செய்யிறது எண்டு தீர்மானிக்கத் தெரிவான சபையாவது இருக்கவேணுமே. வடக்குச் சபையின்ட காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அடுத்த வருசத்தோட ஒம்பது சபையும் முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான். இதைப் பற்றி மாமா ரெண்டு மணித்தியாலம் கதைப்பார், நான் விடுறன்.

கொழும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் குடிக்கிற கொழும்பு எண்டு ஒண்டு தனிய இல்லை. தேயிலை ஏலம் 1883ல இருந்து கொழும்பில, கலக்கிறது, பெட்டி கட்டுறது, கப்பலில ஏத்துறது, இன்சூரன்ஸ், எல்லாம் இஞ்ச, அதால அந்த மதிப்பு இஞ்ச விழுது, சரி. அந்தப் பெட்டியைத் தூக்கிற கை முகத்துவாரத்திலயும் கொட்டாஞ்சேனையிலயும் பத்துக்குப் பத்து அறையில படுக்குது. 2017 சித்திரை 14, வருசப் பிறப்பு அண்டைக்கு மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிஞ்சு வீடுகளுக்கு மேல விழுந்து 30 பேருக்கு மேல செத்தவை. கொழும்பின்ட குப்பை கொழும்புக்காரருக்கு மேலயே விழுந்தது. மேல் மாகாண வீதத்துக்குள்ள அவையளும்தான் அடக்கம். அண்டைக்கு எங்கட வீட்டில புக்கை, அதே கொழும்பு மாவட்டம்.

ரெண்டு மூண்டு கிழமையில உப்பு வந்திட்டு. ஆனையிறவு உப்பும் ஒரு நாள் கடையில கண்டன். அந்த வருசம் மார்ச்சில அங்க மேசை உப்புத் தொழிற்சாலை திறந்து, பைக்கட்டுக்கு 'ரஜ லுணு' எண்டு பேர் வைச்சு, அதுக்கு வடக்கில பெரிய எதிர்ப்பு வந்து, பிறகு ஆனையிறவு உப்பு எண்டு மாத்துறம் எண்டு சொன்னவை. மாமா ஒரு பைக்கட்டைக் கையில எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வாசிச்சார். நான் பக்கத்தில நிண்டு முன்னம் ஃபிளாட்ஸ் படியில அவரோட விட்ட இடத்தில இருந்து திரும்பத் தொடங்கினன், அந்த 33ஆம் பிரிவுக் கதையை. முதல் ரெண்டு தரமும் சொல்லேக்க "ம்ம்" எண்டவர், அண்டைக்கு வடிவாக் கேட்டார். கேட்டிட்டு, காசு குடுக்கேக்க தம்பியைப் பார்த்து, "ஏன் தம்பி, இப்பத்தான் சட்டம் மாத்திட்டினமாமே. உங்கட பக்கம் ரோட்டுப் போட்டாச்சோ?" எண்டார்.

"போட்டாங்க ஐயா. போன எலெக்‌ஷனுக்கு முன்னுக்குத்தான். கொங்கிரீட் ரோட்டு, நல்லா இருக்குங்க."

"எதுவரைக்கும்?"

"கோயில் வரைக்கும்."

"கோயிலடியில இருந்து லயத்துக்கு?"

தம்பி உப்புப் பைக்கட்டைச் சொப்பிங் பையில போட்டு, வாயை முடிச்சுக் கட்டிக் குடுத்தான்.

"அது தோட்டத்து ரோட்டுங்க ஐயா."